உறைதோள்: ஒரு பெயரின் வரலாறு

ஒரு நோய்க்கு இடப்படும் பெயர் வெறும் அடையாளம் அன்று. நோய் எங்கே இருக்கிறது என்னும் கருதுகோளும் அதனுள் அடங்கியிருக்கிறது. எங்கே மருந்திடுவது என்பதை அக்கருதுகோளே தீர்மானிக்கிறது. கையை உயர்த்தவோ பின்னால் கொண்டுசெல்லவோ இயலாதபடி தோள்மூட்டு இறுகிப்போகும் நோயின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1872இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்லே இதனை மூட்டைச் சூழ்ந்த பகுதியின் அழற்சி என்றார். சூழ்ந்துள்ள திசுக்கள் ஒட்டிக்கொள்வதே காரணம் எனக் கருதியதால், மயக்கமருந்து கொடுத்துக் கையை வலிந்து அசைத்து அவற்றைப் பிரிக்கும் முறையைப் பரிந்துரைத்தார். 1934இல் பாஸ்டன் மருத்துவர் காட்மன் 'உறைந்த தோள்' என்னும் பெயரை வழங்கினார். அப்பெயர் நோயின் தோற்றத்தைச் சொல்லிற்று, இடத்தைச் சொல்லவில்லை. உறைந்தது ஒருநாள் உருகும் என்னும் எதிர்பார்ப்புக்கும் அது இடம் தந்தது.

1945இல் அமெரிக்க மருத்துவர் நெவியாசர் நோயின் இடத்தை மூட்டின் உறைக்குள் நிறுத்தினார். உறை தடித்துச் சுருங்கி எலும்போடு ஒட்டியிருப்பதாக அவர் கண்டார். ஒட்டுதலைவிடச் சுருக்கமே முதன்மையானது என்பது பின்னர் தெளிவாயிற்று. நோய் ஒரு பையின் சுருக்கம் என்றானதும், அந்தப் பையை உள்ளிருந்தே விரிக்கலாம் என்னும் எண்ணத்திற்கு வழி பிறந்தது.

அந்த வழியில் 1965இல் சுவீடனின் ஆந்த்ரேன், லுண்ட்பெர்க் இருவரும் நடந்தனர். எக்ஸ்ரேயில் மூட்டைக் காண்பதற்காகச் செலுத்தப்பட்ட சாயநீரையே மருத்துவமாக மாற்றினர். இறுகிய மூட்டு பெரும்பாலும் 10 மில்லிலிட்டர் அளவிலேயே நிறைந்துவிடும். அதற்கும் மேலாக நீரை அழுத்திச் செலுத்தினால் உறை விரியும். இன்று உப்புநீருடன் மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துச் செலுத்துகின்றனர். 2008இல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, இம்முறையால் வலியும் இறுக்கமும் குறுகிய காலத்திற்குக் குறைவதாக ஏற்றது. பிற முறைகளைவிட மேலானது என்று சொல்லவில்லை.

தமிழில் இந்நோய்க்குப் பெயர்கள் பல. சித்த மருத்துவர்கள் இதனைக் கும்பவாதத்தோடு ஒப்பிடுவர். பேச்சு வழக்கிலோ மூட்டுவலி எதுவாயினும் 'தேய்மானம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. கம்பத்திலிருந்து மலையேறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்லும் நாள்கூலித் தொழிலாளிக்கு இந்தச் சொல் வேறுபாடு சிறிதன்று. தேய்ந்தது திரும்ப வளராது என்று கைவிடத் தோன்றும். உறைந்தது தானே உருகும் என்று காத்திருக்கத் தோன்றும். அந்நோயோ மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். நீரிழிவு உள்ளோரை அது மிகுதியாகத் தாக்கும். கூலியை நம்பிய குடும்பத்தால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.

'உறை' என்னும் தமிழ்ச்சொல் இறுகுதலையும் குறிக்கும், போர்த்தும் பையையும் குறிக்கும். 'உறைதோள்' என்று மொழிபெயர்த்தபோது காட்மனின் உவமையோடு நெவியாசரின் உடற்கூறும் தற்செயலாக அதில் அமைந்துவிட்டது. மருத்துவக் கையேடு எழுதுவோர் இரண்டாம் பொருளை முன்னிறுத்த வேண்டும். சுருங்கியிருப்பது ஓர் உறை, அதை விரிக்க வழியுண்டு என்று அறிந்த நோயாளி, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் அறிந்தவராவார்.