கடல் மீன்தொட்டி ஆசையா? தூத்துக்குடி பவளத்தைத் தொடாதீங்க!

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையிலான 21 தீவுப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளம், கடல்குதிரை இரண்டும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. கரை ஒதுங்கிய பவளத்தை வீட்டில் வச்சிருந்தாலும் குற்றம்தான். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

அப்போ என்ன செய்யலாம்?

* பவளத்துக்குப் பதில் செராமிக் பாறை, பொரிப்பகத்தில் வளர்த்த கோமாளி மீன் போதும்.
* உப்பு லிட்டருக்கு 35 கிராம். வெப்பம் 25-27 டிகிரி செல்சியஸ்.
* முதல் 4-6 வாரம் மீன் விடாம, சிட்டிகை தீவனம் மட்டும் போடுங்க. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அப்போதான் வளரும்.
* உப்பளம் மாதிரிதான் தொட்டியும்: தண்ணி ஆவியாகும், உப்பு தங்கும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணியை மட்டும் ஊத்துங்க.