எழுபத்தொன்பதும் பத்தொன்பதும்: வாரிங் கணக்கும் மும்பையும்

மும்பைத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தாராவியின் தோல் தொழில், மாட்டுங்காவின் கோயில்கள், செம்பூரின் அலுவலர் குடியிருப்புகள் என்னும் எல்லைக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. அந்நகரோடு தொடர்புடைய எண்ணியல் ஆய்வு அதில் இடம்பெறுவது அரிது.

1770இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்வர்டு வாரிங், எந்த முழு எண்ணையும் 4 வர்க்கங்களின், 9 கனங்களின், 19 நான்காம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதலாம் என்று நிரூபணமின்றிக் கூறினார். 19க்குக் குறையாது என்பதற்கு 79 சான்று. மூன்றின் நான்காம் அடுக்கு 81 ஆதலின் அது பயன்படாது. நான்கு 16களும் பதினைந்து 1களுமே வழி. ஆனால் 19 எல்லா எண்களுக்கும் போதுமா என்பதே வினா.

செங்கோட்டையை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த சு. சி. பிள்ளை (சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை), அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1936இல், ஏழாம் அடுக்கிற்கும் அதற்கு மேற்பட்டவற்றிற்கும் உரிய பொது வாய்பாட்டை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு நிறுவினார். அமெரிக்கரான டிக்சனும் அதே முடிவைத் தனியே கண்டார். ஆறாம் அடுக்கிற்கு 73 போதும் என்பதைப் பிள்ளை 1940இல் மெய்ப்பித்தார். 703 என்னும் எண் 10 அறுபத்து நான்குகளையும் 63 ஒன்றுகளையும் வேண்டுவதால் 73க்குக் குறைக்கவும் இயலாது. 1950 ஆகஸ்டு 31 அன்று, மும்பையிலிருந்து நியூயார்க் செல்லும் டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவுக்கு அருகே விழுந்தபோது அதில் அவரும் இருந்தார். ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிற்கும் பிரின்ஸ்டனுக்கும் செல்லவிருந்த பயணம் அது.

ஐந்தாம் அடுக்கை 1964இல் சீனரான சென் சிங்ருன் முடித்தார். நான்காம் அடுக்கு மட்டும் எஞ்சிற்று. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. இராமச்சந்திராவிடம் பயின்ற இரா. பாலசுப்பிரமணியன் 1979இல் 21 போதும் என்றும், 1985இல் 20 போதும் என்றும் காட்டினார். இரு முடிவுகளும் வெளிவந்த ஹார்டி-இராமானுசன் இதழை ஆசிரியரும் மாணவரும் இணைந்து 1978இல் தொடங்கியிருந்தனர். 20இலிருந்து 19க்கு வருவது ஒரே படி. கடினமான படியும் அதுவே. 1986இல் பாலசுப்பிரமணியன், தெசுயே, திரேசு ஆகிய மூவரும் அதனை அறிவித்தனர்.

அம்முயற்சியில் பகுப்பாய்வு முறை 1இன் பின் 367 சுழிகள் கொண்ட எண்ணுக்கு மேற்பட்டவற்றிற்கே செல்லுபடியாயிற்று. 52 கோடிகளை ஒன்றோடொன்று பெருக்கி, மேலும் ஆயிரத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. தொல்காப்பியம் ஐ, அம், பல் என முடியும் பேரெண் பெயர்களைச் சுட்ட, உரையாசிரியர் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுவர். இவ்வளவுக்கு அவையும் எட்டா. அதற்குக் கீழுள்ளவற்றைக் கணிப்பொறியால் ஒவ்வொன்றாகச் சோதிப்பதும் இயலாது. ஐந்து, ஏழு நான்காம் அடுக்குகளின் கூட்டல்களைக் கணக்கிட்டு, அவற்றிலிருந்து 448 சுழிகள் வரை உய்த்துணர்ந்தனர். இரு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்ததால் இடைவெளி அடைபட்டது.

மிகச் சில எண்களே 19ஐ வேண்டுகின்றன. 16 நான்காம் அடுக்குகளில் அடங்காத எண்கள் 96 மட்டுமே என்பதும், அவற்றுள் மிகப் பெரியது 13,792 என்பதும் பின்னர் நிறுவப்பட்டன.