பாதை வந்து சேரும் தெரு

ஊர்காவற்றுறைக் கடைத்தெருவைப் பார்க்க விரும்புகிறவர் காரைநகர்க் கரையிலிருந்து வர வேண்டும். சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் மூட்டை முடிச்சையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு இரு கரைக்கும் இடையே போய்வரும் மிதவைக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ‘பாதை’. “பாதை வெளிக்கிட்டிட்டுதோ?” என்று கரையில் ஓடி வருகிறவர் கேட்பதைப் பிற ஊரார் விளங்கிக்கொள்ளச் சற்று நேரமாகும். எங்கள் தெருவோ தண்ணீரில் தொடங்கிக் கரையில் ஏறுவது. இதை மனத்தில் வைக்காமல் அங்குள்ள கட்டடங்களைப் பார்த்தால் ஒரு சிறிய தீவூரின் தேய்ந்துபோன சந்தி மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

பெயரிலிருந்தே பார்ப்போம். ‘ஊர்காவற்றுறை’ என்று ஏட்டில் எழுதுகிறோம்; வாயில் வருவது ‘ஊராத்துறை’. பழையது வாயில் வருவதுதான். சிங்களத்தில் ஊராதொட்ட. போர்த்துக்கேயர் துறைமேடையைக் குறிக்கும் தம் சொல்லால் ‘காய்ஸ்’ என்றார்கள். அது ஆங்கிலேயர் காலத்திலும் கேய்ட்ஸ் என்று நிலைத்தது. ஒல்லாந்தர் தம் பங்குக்குத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். ஊர்காவற்றுறை இருக்கும் வேலணைத்தீவு லெய்டனாயிற்று, புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் ஒன்றே இன்றும் வழங்குகிறது. துறையைக் குறிக்க வந்தவர் போனவர் எல்லாரும் ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள் என்பதே அதன் பெறுமதியைச் சொல்லும்.

இத்துறையின் வாணிபச் சட்டம் எழுதப்பட்ட கல் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து விளக்கி வெளியிட்டார். பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்க வேண்டும் என்று அக்கல்வெட்டு சொல்கிறது. அடுத்து வருவதுதான் அருமையானது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிகுதி மூன்று பங்கும் உடையவனுக்கு. மற்றைய சரக்கேற்றிய வாணிப மரக்கலம் உடைந்தால் செம்பாகம், அதாவது சரிபாதி, பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு. யானைக்கும் குதிரைக்கும் சலுகை ஏன்? அரசனுக்கு அவற்றின் மேல் விருப்பம் என்று கல்லே காரணம் சொல்கிறது.

எத்தனையோ முறை இதை வாசித்த பிறகும் இரண்டு விடயங்கள் என்னை நிறுத்திவிடுகின்றன. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் ஆணை வெட்டுவித்திருக்கிறான். ஆகவே துறையில் இறங்கிய வணிகருக்கும் துறையை நடத்தியவருக்கும் தமிழே பேச்சு மொழியாக இருந்திருக்க வேண்டும். மற்றது, கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலை முழுதாக விழுங்கிவிடும் வழக்கம் உலகின் பல கரைகளிலும் இருந்த காலத்தில், உடையவனுக்கு உரிய பங்கு இவ்வளவு என்று இங்கே எழுதி வைத்தார்கள். வணிகன் இன்னொரு முறையும் வருவதற்கு இதைவிட நல்ல அழைப்பு இல்லை. இதே மன்னன் ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் படையும் கப்பலும் திரட்டியதைச் சோழர் பக்கத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் கூறுகிறது. வணிகத் துறையே போர்த் துறையாகவும் இருந்திருக்கிறது.

யானை விளையும் நாட்டுக்கு மரக்கலத்தில் யானை வந்திறங்கியது வியப்புத்தான். பின்னாளில் ஓட்டம் திரும்பியது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழமற்ற கடலால் இறக்கிக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, இத்துறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் இதை ‘யானைகளின் துறைமேடை’ என்றே குறித்தனர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை முற்றாகக் கைப்பற்றியவர்களுக்கு யானை வியாபாரம் பெரிய வருமானம். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தருக்கும் அப்படியே. வங்காளத்திலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் கொள்வனவுக்கு ஆட்கள் வந்தனர்.

அந்த வருமானத்தைக் காக்க எழுந்தவைதான் பாதையில் வரும்போது கண்ணில் படும் இரண்டு கோட்டைகள். ஊர்காவற்றுறைக் கரையில் ஒன்று இடிந்து கிடக்கிறது. முருகைக் கல்லும் சுண்ணச் சாந்துமாய்க் கட்டிய போர்த்துக்கேயர் சுவர்களில் இன்று செடி கொடி. மற்றது கடல் நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல். நாங்கள் கடற்கோட்டை என்போம். அதையும் தொடக்கத்தில் கட்டியவர் போர்த்துக்கேயரே. 1658இல் ரைக்கிளொவ் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தோர் தண்ணீர் இல்லாமல் பணிந்தனர். சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. இலங்கையின் வடிவைப் பன்றித் தொடையாகக் கண்ட ஒல்லாந்தர் அதன் குதிக்கால் என்று இக்கோட்டைக்குப் பெயரிட்டார்கள். பின்னர் அது சிறையாகவும் இருந்தது. 1971 கிளர்ச்சியின் பின் பிடிபட்டவர்களையும் அங்கே அடைத்திருந்தார்கள். இப்போது கடற்படையின் விடுதி.

கோட்டைகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். கடைகளையும் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளையும் பற்றி எழுதியவர் மிகச் சிலர். எனக்கோ இரண்டாவதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. தடித்த சுவர், ஓட்டுக் கூரை, பனங் கைமரம், தெருவைப் பார்த்த விறாந்தை, ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கும் பலகைக் கதவு, முன்னால் கடை, பின்னால் சரக்கு, அதற்கும் பின்னால் குடும்பம்: துறைத்தெருக் கடையின் அமைப்பு இதுதான். இக்கட்டடங்களின் பொருள்களே துறையின் கணக்கு. கல்லும் சுண்ணாம்பும் பனையும் தீவினுடையவை. ஓடு இந்தியக் கரையிலிருந்து தோணியில் வந்தது. ஓடும் அரிசியும் இறக்கிய தோணி, புகையிலையும் பனங்கட்டியும் பனைமரமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு திரும்பும். யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் இருந்த மதிப்பு பெரிது. தீவுகளின் சாயவேரும் சங்கும் அதற்கு முன்பே கடல் கடந்தவை.

தேவாலயங்களை விட்டுவிட்டு இந்தத் தெருவைச் சொல்ல முடியாது. புனித அந்தோனியார் பெயரால் ஆலயமும் கல்லூரியும் துறைக்கு அண்மையில் எழுந்தன. கடலோடிகள் நேர்த்தி வைக்கும் புனிதர் அவர். பக்கத்துக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் சிறுவயதில் படித்ததும் அக்கல்லூரியிலே. லிஸ்பனில் 1554இல் ரோம எழுத்தில் அச்சான தமிழ்ச் சமய நூலை அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அடிகள் முதன்மையானவர். போர்த்துக்கேயர் பெயரிட்ட துறையில் வளர்ந்த பிள்ளை போர்த்துக்கலுக்கே போய்த் தமிழைத் தேடியது எங்கள் ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்கது.

துறை எப்போது தளர்ந்தது? 1905இல் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் புகையிரதம் இணைத்தது. தடம் காங்கேசன்துறையில் முடிந்தது. சரக்கும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த கடவுச்சீட்டும் இறக்குமதிக் கட்டுப்பாடும் தமிழகக் கரைக்கு ஓடிய தோணிகளை நிறுத்தின. பண்ணைப் பாலத்தால் பஸ் ஓடத் தொடங்கியதும், சேலை எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் சனம் யாழ்ப்பாணப் பெரியகடைக்குப் போயிற்று.

ஆனால் கடை நடத்தும் கை சும்மா இருக்கவில்லை. புங்குடுதீவார், வேலணையார், நயினாதீவார், ஊர்காவற்றுறையார் தென்னிலங்கைச் சந்திகள் தோறும் சுருட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் திறந்தார்கள். கொழும்புப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபாரத்தில் தீவகத்தாரின் பங்கு எல்லாரும் அறிந்தது. பெடியனாகப் போய்க் கடையில் படுத்தெழும்பி, சாமான் நிறுத்து, கணக்கெழுதப் பழகி, பிறகு தனிக்கடை போட்டவர்கள் அவர்கள். அந்த வருமானம் ஊரில் கல்வீடாக, கோயில் திருப்பணியாக, பள்ளிக்கூட மண்டபமாக நின்றது. எங்கள் கடைத்தெருவின் பெரும்பகுதி ஊருக்கு வெளியே இருந்தது என்று நான் சொல்வது இதனாலேதான். 1958இலும் 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் அந்தக் கடைகள் எரிந்தபோது, எரிந்தது தீவகத்தின் தெருவுமாகும்.

பின்னர் போர் மூண்டு, 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியது. சனம் போட்டது போட்டபடி வெளியேறிற்று. கூரை போன கடைகளுக்குள் ஆலும் அரசும் முளைத்தன. பலகைக் கதவுகள் விறகாகியிருக்கும். திரும்பி வந்தவர்கள் சிலர். மற்றவர்கள் கனடாவின் ஸ்காபரோவிலும் பாரிசின் லா சப்பலிலும் கடை விரித்திருக்கிறார்கள். லா சப்பலில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் அடுக்கிய கடையொன்றில், பெட்டிகளை முன்னுக்கு இழுத்துத் தெருவரை பரப்பியிருந்த விதத்தைக் கண்டதும் எந்தத் தீவு என்று கேட்கத் தோன்றியது. கேட்டேன். “புங்குடுதீவு” என்றார்.

மிஞ்சிய பழங்கட்டடங்களை இடிக்குமுன் அளந்து வரைந்து படமெடுக்க வேண்டும். கோட்டைக்குக் கிடைக்கும் கவனத்தில் காற்பங்காவது கிட்டங்கிக்குக் கிடைக்க வேண்டும். உறுதிகளும் கடைக் கொப்பிகளும் பழைய புகைப்படங்களும் இம்மலரை வாசிக்கும் வீடுகளில்தான் இருக்கும். கறையான் தின்னுமுன் அவற்றைப் பிரதியெடுத்துத் தாருங்கள். எந்தக் கடை யாருடையது, எந்தத் தோணி எந்தக் கிட்டங்கிக்குச் சரக்கு இறக்கியது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பின்னேரத்தில் பாதை வந்து சேரும் நேரம் அவர்களை அந்தக் கரையிலேயே காணலாம்.