கொசுவுக்குள் ஒரு காவல்காரன்

2006-ல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது முட்டி வீங்கிக் கம்பூன்றி நடந்தவர்களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதையும் டெங்குவையும் பரப்புவது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. பழவேற்காடு ஏரித் தண்ணீர் உப்பு. அதனால் எளாவூர்ப் பக்கத்துக் குப்பங்களில் குடிதண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்துவைக்கிறோம். அந்த நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் முட்டையிடுகிறது.

இந்தக் கொசுவை மருந்தால் அல்லாமல் ஒரு பாக்டீரியாவால் மடக்கலாம் என்கிறார்கள். அதன் பெயர் வோல்பாக்கியா. 1924-ல் அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் அதைக் கியூலெக்ஸ் கொசுவுக்குள் கண்டார்கள். 1967-ல் லாவன் என்ற ஜெர்மானியர், ரங்கூன் அருகே ஒக்போ கிராமத்தில் வேறு தேசத்துக் கொசுவோடு கலந்து வளர்த்த ஆண் கொசுக்களை விட்டார். உள்ளூர்ப் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரியவில்லை. அதற்குக் காரணம் வோல்பாக்கியா என்பது 1971-ல்தான் தெரிந்தது.

அந்த நாட்களில் தில்லியிலும் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஆண் கொசுக்களை மலடாக்கி விடும் ஆய்வை நடத்தின. அதில் அமெரிக்கப் பணம் இருந்ததால், கிருமிப் போருக்கான ஒத்திகையோ என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் சந்தேகம் கிளம்பியது. 1975-ல் அந்த ஆய்வை மூடினார்கள். அதே 1975-ல் புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சி மையம் தொடங்கியது.

ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஸ்காட் ஓ'நீல் இளவயதில் எடுத்த இந்தப் பாக்டீரியாவை விடவே இல்லை. ஏடிஸ் ஈஜிப்தியில் இது இயற்கையாகக் கிடையாது. கொசு முட்டைக்குள் மெல்லிய ஊசியால் செலுத்த வேண்டும். பல வருஷங்கள் தோல்விதான். இது பழ ஈயை வைரஸிலிருந்து காக்கிறது என்று 2008-ல் தெரிந்தது. மறுவருஷமே, இது குடியேறிய ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸ் பெருகுவது தடைப்படுகிறது என்று அவர் குழு காட்டியது. தாய்க் கொசுவிடமிருந்து குஞ்சுகளுக்கும் இது போய்விடும்.

2011-ல் கெய்ர்ன்ஸ் நகரம் அருகே வீட்டுக்காரர்களிடம் எடுத்துச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு கொசுக்களை விட்டார்கள். பிறகு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. தில்லியிலும் விஞ்ஞானம் இருந்தது, ஜனங்களின் நம்பிக்கைதான் இல்லை.

2022-ல் புதுச்சேரி மையம் உள்ளூர் ஏடிஸ் கொசுவிலேயே வோல்பாக்கியாவைக் குடியேற்றிவிட்டதாக அறிவித்தது. அரசு அனுமதித்தால்தான் வெளியே விட முடியும். ஒருநாள் நம் குப்பத்துக்கும் வருவார்களானால், கொசுவைத் திறப்பதற்கு முன் திண்ணையில் உட்கார்ந்து பெண்களிடமும் பெரியவர்களிடமும் விளக்கமாகப் பேசட்டும்.

அதுவரை டிரம்மை மூடிவையுங்கள். ஏடிஸ் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சுவரில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.