தனிமைக் கடலில் கேப்டன் ஸ்லோக்கம்

கடல் பிரயாணம் என்றாலே நம் பிள்ளைகளுக்குப் புயலும் கொள்ளைக்காரனும்தான் ஞாபகம் வரும். எனக்கோ, நடுக்கடலில் ஒருவன் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், யாரோடு பேசினான் என்பதில்தான் ருசி. அதற்குத் தோதான மனிதர் கேப்டன் ஜோஷுவா ஸ்லோக்கம். 1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். 1895 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் புறப்பட்டு, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் வந்து சேர்ந்தார். மொத்தம் 46,000 மைல். 1900-ல் வெளிவந்த அவருடைய புத்தகமே நமக்கு ஆதாரம்.

படகின் பெயர் ஸ்ப்ரே. வயலில் போட்டுக் கிடந்த பழைய சிப்பிப் படகு. 13 மாதம் தம் கையாலேயே புதுப்பித்தார். நீளம் 36 அடி 9 அங்குலம். சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட். சென்ட் சுத்தமாகக் கணக்கு! கப்பல் கடிகாரத்தைப் பழுது பார்க்க 15 டாலர் கேட்டார்கள். அது வேண்டாமென்று, வழியில் யார்மத் ஊரில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். ஒன்றரை டாலர் சொன்ன கடைக்காரர், முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கொடுத்தாராம். என்னைப் போன்ற வியாபாரிக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராமல் போகுமா?

1896 மே 5-ல் ஜுவான் பெர்னாண்டஸ் தீவை விட்டவர், ஜூலை 16-ல் சமோவாவில்தான் நங்கூரம் போட்டார். 72 நாள், நடுவில் எந்தத் துறைமுகமும் இல்லை. சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்ப்ரே தன் வழியே போகும். இவர் உள்ளே சமைப்பார், படிப்பார், தூங்குவார். மறு வருஷம் இந்தியப் பெருங்கடலில் 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, சுக்கானைக் கையில் பிடித்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. சாப்பாடு உருளைக்கிழங்கு, கருவாடு, காபி, வாரத்தில் இரண்டு மூன்று தடவை அவரே சுட்ட ரொட்டி. இருட்டு ராத்திரியில் பாயில் மோதித் தளத்தில் விழும் பறவைக்கோலா மீன்கள் காலை ஆகாரம்.

வேலை குறைந்தால் தனிமை கூடும். பேச்சே மறந்துவிடுமோ என்று பயந்து, இல்லாத மாலுமிக்கு உரக்கக் கட்டளையிட்டுப் பார்த்தார். தன் குரலே வெறுமையாகக் கேட்கவும் அதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பிரயாணத்தின் தொடக்கத்தில் இதே மனிதர் ஆமை பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டவர்தான். ஆனால் கேப் ஹார்ன் பக்கத்து வெறிச்சோடிய கரைகளில் திரிந்தபோது, தற்காப்புக்கு அன்றி உலகத்தில் ஓர் உயிரைக் குறைக்க மனம் வரவில்லை என்று எழுதுகிறார். போகப் போக அந்த எண்ணம் வளர்ந்தது. சமோவாவில், வழியில் அறுத்துச் சாப்பிடக் கோழிகளைப் படகில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். கூட வரும் துணையைக் கொன்று தின்பதா என்பது அவர் கேள்வி. எழுத்தாளர் ஸ்டீவன்சனின் மனைவியும் அதை ஒப்புக்கொண்டாராம். 1898-ல் செயின்ட் ஹெலினாவில் ஒருவர் ஓர் ஆட்டைக் கொடுத்தார். அது கடல் வரைபடத்தையே தின்றது, தொப்பியையும் தின்றது. அப்போதும் அதை உயிரோடு அசென்ஷன் தீவில் இறக்கிவிட்டார்.

அவர் சைவராகிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. மீன் தின்றார். சமோவாவில் கோழிக்குழம்பையும் ரசித்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நயினார் வீட்டில் பிறந்து, கொல்லாமையைத் தாய் சொல்லிக் கற்றுக்கொண்ட எனக்கு இது பெரிய விஷயம். எந்த ஆகமமும் படிக்காத மாலுமிக்குத் தனிமையே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கும் இது புரியும். வந்த புதிதில் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் கிடந்தேன். பாஷை தெரியாது. சுவரில் ஒரு பல்லி. அதைத் துரத்தவே எனக்கு மனம் வராது. "இன்னிக்கு வியாபாரம் மந்தம்டா" என்று அதனிடம்தான் சொல்வேன். மனுஷர்கள் சூழ இருக்கும்போது தெரியாத உயிரின் மதிப்பு, யாருமில்லாத இடத்தில்தான் தெரிகிறது. இன்று நமக்குச் சங்கம் இருக்கிறது, சொந்தம் இருக்கிறது. அந்த முதல் வருஷத்துப் பாடத்தை மட்டும் மறக்க வேண்டாம்.