மண் ஈன்ற எண்ணெய்



எங்கள் தியாகராய நகரிலே சூழ்ச்சித்திறம் மிக்க ஒருவனைக் கண்டால், "அவன் பெரிய எம்டன்!" என்று முதியோர் கூறுவதுண்டு. எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு அது சென்னைத் துறைமுகத்தை அணுகி, ஏறத்தாழ 130 பீரங்கிக் குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அன்று எரிந்த எண்ணெயை ஆக்குவதற்கு இயற்கைக்கு எத்தனை காலம் பிடித்தது தெரியுமா? கோடிக்கணக்கான ஆண்டுகள்!

அது எவ்வாறு உண்டாகிறது? நமது காவிரிப் படுகையையே சான்றாகக் கொள்வோம். முன்னொரு காலத்தில் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதிகளாக இருந்தன. அவை பிரியத் தொடங்கியபோது நம் கிழக்குக் கரையோரம் நிலம் பிளந்து தாழ்ந்தது. அந்தப் பள்ளங்களில் காலப்போக்கில் கடல் புகுந்தது. அரியலூர்ப் பாறைகளில் இன்றும் காணப்படும் கடலுயிர்களின் புதைபடிவங்கள் இதற்குச் சாட்சி கூறுகின்றன.

இத்தகைய நீர்நிலைகளில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் வீழ்ந்தன. ஆறுகள் கொணர்ந்த சேறு அவற்றை மூடிற்று. பிராணவாயு எட்டாமையால் அவை முற்றும் அழிந்துவிடவில்லை. சேற்றின்மேல் சேறு படியப் படிய, அடிச்சேறு இறுகிக் களிப்பாறை ஆயிற்று. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழம் சென்றால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி உயரும். சுமார் 60 முதல் 120 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் அவ்வுயிர்ச்சத்து மெல்ல மெல்ல எண்ணெயாகிறது. வெப்பம் மேலும் மிகுந்தால் வாயுவாகிறது.

நீரினும் இலேசான எண்ணெய், மணற்பாறையின் நுண்துளைகள் வழியே மேலேறும். வழிவிடாத பாறை ஒன்று மூடிபோல் தடுத்தால், அதன் கீழ்த் தங்கிவிடும். ஆகவே, நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோல் நிற்பதாக எண்ணற்க. பஞ்சில் ஊறிய நீர்போல் அது கல்லில் ஊறிக் கிடக்கிறது.

அஸ்ஸாமின் திக்பாயில் 1889-ஆம் ஆண்டிலேயே எண்ணெய்க் கிணறு தோண்டத் தொடங்கினர். காவிரிப் படுகையில் 1964-ஆம் ஆண்டு காரைக்காலில் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. பின்னர் நரிமணம் முதலிய ஊர்களில் எண்ணெய் கிடைத்தது. ஆனால், அதே நிலத்தின் மேற்பரப்பில் நெல் விளைகிறது. கீழுள்ள செல்வத்துக்காக மேலுள்ள செல்வத்தை இழக்கலாமா என்று உழவர் வினவினர். 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை விதித்தது.

நண்பர்களே, அறுத்த வயலில் அடுத்த பருவத்தில் மீண்டும் நெல் விளையும். எடுத்த எண்ணெயோ நம் பேரர் காலத்திலும் மீண்டும் ஊறாது. வீட்டிலும் வீதியிலும் எண்ணெயைச் செலவிடும்போது இக்கணக்கை நினைவிற் கொள்ளுங்கள்.