உயர்வானில் பயணிகள் விமானத்தின் வேகம்: இலங்கை வான்வழியில் ஒரு வரலாறு

உயர்வானில் மட்டமாகப் பறக்கும் பயணிகள் விமானத்தின் வேகம் இரண்டு எல்லைகளுக்குள் நிற்க வேண்டும். வேகம் குறைந்தால் சிறகை ஒட்டி ஓடும் காற்று விலகித் தூக்குவிசை போய்விடும். கூடினால் சிறகின்மேல் அதிர்வலை எழுந்து விமானம் நடுங்கும். உயரம் கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கும்.

காரணம் காற்றின் மெலிவும் குளிரும். பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட நூற்றுக்கு 4 பங்கு குறைவு. 35,000 அடியில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. நியம வளிமண்டலக் கணக்கில் அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 54 பாகை செல்சியஸ். வேகமானி எதிரே வரும் காற்றின் அமுக்கத்தையே அளப்பதால், மணிக்கு 875 கிலோமீற்றரில் போகும் விமானத்தில் அது சுமார் 515ஐத்தான் காட்டும். குளிரில் ஒலியும் மெதுவாகச் செல்லும்: கடல் மட்டத்தில் மணிக்கு 1,225 கிலோமீற்றர், 35,000 அடியில் 1,067. எனவே உயரே சென்றதும் விமானிகள் மாக் எண்ணைப் பின்பற்றுகிறார்கள். மாக் எண் என்பது விமானத்தின் வேகம் ஒலிவேகத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஏர்ன்ஸ்ட் மாக்கின் பெயரை அதற்கு 1929இல் வைத்தவர் சுவிஸ் பொறியியலாளர் யாக்கோப் ஆக்கெரெட்.

அமுக்கத்தைக் கொண்டு வேகத்தை அளக்கும் இந்த முறையின் வேர் ஓர் ஆற்றில் இருக்கிறது. ஆன்றி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1732இல் சென் ஆற்றின் ஓட்டத்தை வளைந்த குழாயொன்றால் அளந்தார். 1950இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பொறியியற்பீடத்தில் பாய்மவியல் படிக்கும் மாணவருக்கு அவர் பெயர் பழக்கமானது. நவீன விமானத்தின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருப்பதும் அதே தத்துவத்தில் இயங்கும் குழாய்தான். பனி உறையாதபடி மின்சூடேற்றி சேர்க்கப்பட்டிருக்கிறது.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அமைந்தபோது, இலங்கைக்கு வந்த நெடுந்தூர விமானங்களின் கவலை ஒலிவேகமன்று, எரிபொருள். கொக்கலை வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனத்தின் கற்றலினா கடல்விமானங்கள் 1943 முதல் 1945 வரை பறந்தன. சுமார் 5,650 கிலோமீற்றர் கடலைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. மணிக்கு 200 கிலோமீற்றரை ஒட்டிய வேகம். இடையில் இறங்கிக்கொள்ள இடம் கிடையாது. எரிபொருள் தீரத்தீர விமானம் இலேசாகும். சிக்கனமான வேகமும் கூடவே குறையும். இன்றைய விமானக் கணினி கணக்கிடுவதும் இந்த உறவைத்தான்.

உயர்வான் பயணம் இலங்கைக்கு வந்தது 1952 ஓகஸ்ட் 11 அன்று. பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் கொமெற் ஜெற் விமானச் சேவை இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே அன்று தொடங்கியது. பழைய உந்திச்சுழலி விமானங்களைவிட அது வெகு உயரத்தில், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் பறந்தது. 1953 மே 2 அன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கொமெற் ஒன்று இடிப்புயலில் சிதைந்து 43 பேர் மாண்டனர். அதன் பிறகு கொந்தளிப்பான காற்றில் வேக வரம்பு கடுமையாக்கப்பட்டது. வானிலை ரேடாரும் பொருத்தப்பட்டது. பயண வேகத்தை விதியாக்கிய முதல் பெரும் பாடங்களுள் இதையும் வைக்க வேண்டும்.

எயார் சிலோன் 1960களில் கொமெற் 4, வி.சி.10 ஆகியவற்றைப் பயன்படுத்தியது. 1979இல் பிறந்த எயார்லங்கா 1980களில் ட்ரைஸ்டார்களையும் 1994இல் எயர்பஸ் ஏ340ஐயும் கொண்டுவந்தது. ஏ340 விமானத்தில் வேகத்தைத் தேர்வதும் உந்துவிசையைக் கூட்டிக் குறைப்பதும் பெரும்பாலும் கணினியின் வேலை. நேரத்தின் செலவையும் எரிபொருளின் செலவையும் ஒப்பிட்டு அது மாக் 0.82ஐ ஒட்டிய ஓர் எண்ணைப் பிடிக்கும். எனினும் அந்த எண் முழுக்க நிறுவனத்தின் விருப்பமன்று. பெருங்கடலின் மேல் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் விமானங்களுக்கு இடைவெளி குலையாதிருக்கக் கட்டுப்பாட்டாளர் குறிப்பிட்ட மாக் எண்ணை வழங்குவதுண்டு.

கணினி நம்பியிருந்த பிட்டோ குழாய் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2009 யூன் 1 காட்டியது. ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற எயார் பிரான்ஸ் 447, ஏ330 வகை விமானம், 35,000 அடியில் அயனவிடை ஒருங்கல் வலயத்தின் (நடுக்கோட்டை ஒட்டி இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் பட்டையின்) முகில்களுக்குள் நுழைந்தது. பனிப்பளிங்குகள் பிட்டோ குழாய்களை அடைத்தன. பிழையான வேக அளவு நீடித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே. ஆனால் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த தானியங்கி விலகியதும் விமானி மூக்கை உயர்த்தினார். விமானம் 38,000 அடியை நெருங்கி வேகமிழந்து, தூக்குவிசையும் இழந்து விழத் தொடங்கியது. தானியங்கி விலகியதிலிருந்து நாலரை நிமிடத்துக்குள் அது கடலில் மோதியது. 228 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அதே ஆண்டு ஏ330, ஏ340 விமானங்களில் சிக்கலுக்குரிய வகைக் குழாய்களை மாற்றுமாறு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம் பணித்தது.

அந்த ஒருங்கல் வலயம் ஆண்டுதோறும் இலங்கையையும் கடந்து போகிறது. வங்காள விரிகுடாவின் மழைமுகில்களும் அதே வகையின. ஸ்ரீலங்கன் விமானங்கள் பறக்கும் வானும் அதுவே. அளவுகள் பொய்க்கும்போது செய்ய வேண்டியது எளிது, அதை நினைவுகூர்வதுதான் கடினம்: மூக்கின் கோணத்தையும் இயந்திர வலுவையும் தெரிந்த நிலையில் வைத்துக்கொண்டால் வேகம் தானாக எல்லைக்குள் நிற்கும். ஏ330 மட்டமாகப் பறக்கையில் அந்தக் கோணம் சுமார் 2.5 பாகை. ஒவ்வொரு விமானியும் இதைக் கையால் பறந்து பழக வேண்டும். எந்த நிறுவனமும் சிக்கனத்தின் பெயரால் அந்தப் பயிற்சி நேரத்தில் கைவைக்கக் கூடாது.